இஸ்ரவேல் ஒளித்துவைத்த தோல்

இஸ்ரவேலுக்குப் பொறாமை இருபது வயதிலேயே வந்துவிட்டது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அண்ணன் தன் வள்ளத்தில் புது எஞ்சின் பூட்டிய அன்று ஊரே கரையில் நின்று பார்க்க, தம்பி மட்டும் வயிற்றுவலி என்று வீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டார். அது நடிப்பு இல்லை. பொறாமை வந்தால் அவருக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். எதிர்வீட்டு ஜெயசீலனுக்கு துபாய் விசா வந்தபோது மறுபடியும் வலித்தது. அந்த வலி தாங்காமல்தான் அவரும் ஒரு ஏஜெண்டைப் பிடித்து விமானம் ஏறினார். ஊரில் மனைவி தங்கபுஷ்பம் மாடிவீட்டில் இருப்பதற்கும், மகள் நர்சிங் படிப்பதற்கும் ஆதாரம் ஒரு பொறாமைதான் என்று யாராவது சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஷார்ஜாவிலிருந்து தைத் போகிற சாலையில், நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. அங்கே அவருக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ். ஆமைத் தொட்டி கழுவுவதற்குச் சேர்ந்தார். பிறகு உடும்பு, பிறகு பாம்பு. கடைசியாக, நாலு வருஷத்துக்கு முன்னால், சிலந்தி.

அந்தச் சிலந்திகள் வந்ததே ஒரு கதை. துறைமுகத்தில் ஒரு பயணியின் துணிப்பையைப் பிரித்தபோது, மாத்திரை டப்பாக்களில் ஈரப்பஞ்சு வைத்து அடைத்த பதின்மூன்று உயிர்கள் இருந்தன. இரண்டு பெரியவை, பதினொன்று சின்னவை. ஏமனுக்குத் தெற்கே கடலில் கிடக்கும் சொகோத்ரா தீவின் டாரன்டுலா. கால்கள் எட்டும் நீலம். மயில் கழுத்தில் வெயில் படும்போது தெரியுமே, அந்த நீலம். உடம்பு சந்தன நிறம். வளர்ந்தால் உள்ளங்கை அகலம் வரும். அந்த ஒரு தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அழகாகப் பிறந்ததற்கு அதற்குக் கிடைத்த தண்டனை, வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். ஏற்கெனவே அந்தத் தீவை மழை ஏமாற்றுகிறது, புயல் புரட்டுகிறது, ஆடுகள் மேய்ந்து மொட்டையடிக்கின்றன. இதற்கு நடுவில் ஒருவன் கல்லைப் புரட்டித் தாயை எடுத்தால் குஞ்சுகளும் கூடவே போய்விடும். மற்ற டாரன்டுலாக்கள் ஒன்றையொன்று கண்டால் கொன்றுவிடும். இவை மட்டும் ஒரே பொந்தில் குடும்பமாக இருக்கும் ஜாதி.

"இங்கே நூறு குஞ்சு பிறந்தால், அங்கே நூறு கல் புரளாமல் இருக்கும்" என்று காப்பகத்தின் டைரக்டர் நஜீஹா மேடம் அன்றே சொல்லிவிட்டார். அவர் உள்ளூர் அரபிப் பெண்மணி. எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். பெட்டிகளைத் தொட யாரும் முன்வரவில்லை. பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிற ஆட்கள்கூட இரண்டடி பின்னால் போனார்கள். இஸ்ரவேல் முன்னால் வந்தார்.

முதல் மாதத்திலேயே ஐந்து செத்துப்போயின. மழைக்காட்டுச் சிலந்தி என்று நினைத்து எல்லாப் பெட்டியிலும் தினம் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் ஊர்ப்பக்கத்துத் தூத்தூர் மீனவர்கள் சுறாவுக்காக அந்தப் பக்கம் வரை போய் வந்தவர்கள்; தூரத்திலிருந்து பார்த்தால் அந்தத் தீவு காய்ந்துபோன கல்மலை என்று அவர்கள் பேச இஸ்ரவேல் கேட்டிருக்கிறார். "மழையே இல்லாத எடத்துலேருந்து வந்ததுக்கு நாம எதுக்கு வெள்ளம் அடிச்சுக் கொல்லுகோம்?" என்று ஒருநாள் தெளிப்பானைக் கீழே வைத்தார். ஒரு மூலையில் மட்டும் ஈரம், மற்றதெல்லாம் காய்ந்த மண். அதற்குப் பிறகு ஈரத்தால் ஒன்றுகூடச் சாகவில்லை. காப்பகத்தின் சிலந்தி அறை அன்றிலிருந்து இஸ்ரவேலின் அறை ஆனது.

நாலு வருஷம் அவர் கொடிகட்டிப் பறந்தார். இந்தியப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் தேடுவது "ஸ்பைடர் அங்கிளை". சிலந்தி வளரும்போது பழைய தோலை முழுசாகக் கழற்றிப் போடும். எட்டுக் கால், பல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்தத் தோல்களை அவர் ஒவ்வொன்றாக விரித்து, தெர்மோகோல் அட்டையில் குண்டூசி குத்தி, கீழே பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதி வைத்தார். தோல் உரிக்கும்போது அது மல்லாந்து கிடக்கும். செத்துப்போச்சு என்று பிள்ளைகள் கத்தினால், "மல்லாந்து கெடந்தா உயிரோட இருக்கு மக்களே, காலை மடக்கிக் குனிஞ்சு கெடந்தாத்தான் செத்துது" என்று சொல்லிக்கொடுப்பார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. குஞ்சு. வந்தபோதே பெரிதாக இருந்த இரண்டில் ஒன்று போய்விட, மிஞ்சிய பெண் சிலந்தியை எல்லோரும் பெரியவள் என்றார்கள். பெண் பதினைந்து வருஷம்கூட இருக்கும். ஆணுக்கு விதி வேறு. வளர்ந்து ஆளானபின் ஒரு வருஷம் கிடைத்தால் அதிகம். இஸ்ரவேல் வளர்த்த சின்னவற்றில் மூன்று ஆண். ஒன்று ஆளாகி, சும்மா சுற்றிவிட்டு இறந்துபோனது. இரண்டாவதை அவரே பெரியவளின் டேங்கில் விட்டார். பெரியவள் அதைத் தின்றுவிட்டாள். மூன்றாவது, எல்லாவற்றிலும் சின்னது, கட்டைவிரல் நகம் அளவு இருந்தபோதிலிருந்து அவர் கையால் புழு நறுக்கிப்போட்டு வளர்த்தது. கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தார். அக்டோபரில் அவனும் கடைசித் தோலை உரித்து ஆளானான். அதே அக்டோபரில்தான் லிண்டா வந்தாள்.

லிண்டா மார்த்தாண்டத்துக்காரி. விலங்கியலில் மேல்படிப்பு, மேற்குத்தொடர்ச்சி மலையில் இரண்டு வருஷம் சிலந்தி ஆராய்ந்தவள். கணவனுக்கு ஷார்ஜாவில் டெக்னீசியன் வேலை, ரோலாவில் ஃப்ளாட். "நம்ம ஜில்லா பிள்ள" என்று இஸ்ரவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் சுமார் பத்து நிமிஷம் நீடித்தது. பதினோராவது நிமிஷம், பூச்சிப் பிரிவுக்கு இனி லிண்டா பொறுப்பு என்று நஜீஹா மேடம் அறிவித்தார்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் இஸ்ரவேலுக்கு வசதியாக இருந்திருக்கும். வாய்க்கு வாய் அண்ணே என்பாள். மீன் பொரித்தால் அவருக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். அந்த மீனும் ருசியாக இருந்து தொலைத்தது. ஆனால் பிள்ளைகள் வந்தால் அவளைத்தான் சுற்றிக்கொண்டார்கள். அவர்கள் இங்கிலீஷில் கேட்க, அவள் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினாள். இஸ்ரவேலுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தியும் அரபியும் தமிழும் சேர்த்துக் கிண்டிய ஒரு பாஷை. ஸ்பைடர் அங்கிள் வாசலில் நின்று செருப்புகளை வரிசையாக அடுக்கினார்.

தெர்மோகோல் அட்டை ஒருநாள் காணாமல் போனது. தோல்கள் எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், கீழே அச்சடித்த லேபிளில் லத்தீன் பெயரோடு சுவரில் தொங்கின. அழகாகத்தான் இருந்தது. அவருடைய பால்பாயிண்ட் தேதிகளை அவள் ஒன்றுவிடாமல் லேபிளில் ஏற்றியிருந்தாள். இஸ்ரவேல் அதைப் பார்த்துவிட்டு, நெஞ்செரிச்சல் மாத்திரை இருக்கிறதா என்று கிளினிக்கில் போய்க் கேட்டார்.

ஜனவரியில் லிண்டா ஜோடி சேர்த்தாள். மூன்று நாள் முன்பிருந்தே பெரியவளுக்கு வயிறு முட்டத் தீனி போட்டாள். பசியோடு இருந்தால்தான் ஆணைத் தின்பாள் என்று அவள் சொன்னபோது, போன தடவை தான் தீனியை நிறுத்திவைத்துவிட்டு ஆணை விட்டது இஸ்ரவேலுக்கு ஞாபகம் வந்தது. பசித்தால் ஓடிவருவாள் என்று நினைத்திருந்தார். ஓடித்தான் வந்தாள். இந்தமுறை கடைக்குட்டி பொந்து வாசலில் நின்று முன்னங்காலால் மண்ணைத் தட்டினான். உள்ளேயிருந்து பெரியவள் பதிலுக்குத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் நல்லபடி முடிந்து கடைக்குட்டி முழுசாக வெளியே வந்தான். நஜீஹா மேடம் கைதட்டினார். போட்டோ எடுத்து காப்பகத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற இஸ்ரவேலின் முழங்கை மட்டும் அதில் விழுந்திருந்தது.

"எனக்க கடைக்குட்டி. எனக்க பெரியவ. பேரு அவளுக்கு" என்று அன்று தங்கபுஷ்பத்திடம் போனில் புலம்பினார்.

"சிலந்திக்குப் பிள்ள பொறக்கதுக்கு நீரு எதுக்கு ஓய் கெடந்து துள்ளுதீரு?" என்றாள் அவள். குக்கர் விசில் அடித்ததால் வைத்துவிட்டாள்.

முட்டைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். லிண்டா பெரியவளின் டேங்கைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது, தட்டக் கூடாது. காலையில் ஏழு மணிக்கு ஒரு மூலையில் தண்ணீர் விடுவது மட்டும் இஸ்ரவேலின் வேலை. அவள் ரோலாவிலிருந்து வந்துசேர ஒன்பது ஆகும்.

"அண்ணே, ஒரு காரியம் மட்டும் கவனிச்சுக்கணும்" என்றாள். "இப்ப அவ தோல உரிச்சிட்டான்னா, கடைக்குட்டி குடுத்ததும் அந்தத் தோலோட போயிடும். உள்ள சேத்து வச்சிருக்க பையும் சேந்து உரிஞ்சிடும். முட்டை போட்டாலும் பொரியாது. முதல்லேருந்து திரும்ப ஜோடி சேக்கணும். கடைக்குட்டிய விட்டா நம்மகிட்ட வேற ஆணும் இல்ல. அதனால தோலு வெளிய கெடந்தா ஒடனே எனக்குப் போன் பண்ணுங்க. எந்த நேரமானாலும் சரி."

"இதுகூடத் தெரியாமலா பிள்ளே நாலு வருசம் வளத்தேன்?" என்றார் இஸ்ரவேல். அவருக்கு அது தெரியாது. அன்றுதான் தெரிந்துகொண்டார்.

ரமதானும் தவக்காலமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்த வருஷம் அது. பிப்ரவரி நடுவில் பெரியவள் பொந்தின் வாயை நூலால் மூடிக்கொண்டாள். முட்டை வைக்கப்போகிற தாய் அப்படித்தான் செய்வாள். தோல் உரிக்கப்போகிறவளும் அப்படித்தான் செய்வாள். இஸ்ரவேல் சொல்லக் கேட்டு லிண்டா முட்டை என்றே நினைத்தாள். நஜீஹா மேடத்திடம் சொன்னாள். மேடம் வெளிநாட்டில் இருக்கும் சிலந்திப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதிப்போட்டார். பெருநாள் முடிந்து ஏப்ரல் ஏழாம் தேதி அவர்கள் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை, நெற்றியில் சாம்பல் தடம் சரியாகப் போகாமலே இஸ்ரவேல் அறையைத் திறந்து கறுப்புக் காகிதத்தை ஒதுக்கினார். நூல் வாசல் கிழிந்திருந்தது. அதற்கு வெளியே, கந்தல் துணியைத் தள்ளுவதுபோல் பெரியவள் தன் பழைய தோலைத் தள்ளி விட்டிருந்தாள். உள்ளே இருட்டில் புது நீலம் பளபளத்தது.

அவர் போனை எடுத்தார். லிண்டாவின் பெயர் வரை விரல் போனது. அப்போது அவர் மனதில் ஓடியது ஏப்ரல் ஏழாம் தேதி. வெளிநாட்டுக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். நஜீஹா மேடம் நிற்பார். லிண்டா காகிதத்தை உரிப்பாள். உள்ளே முட்டையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. இங்கிலீஷில் என்ன சொல்வாள் பார்ப்போம். அந்தக் காட்சி அவருக்குத் தேனாக இனித்தது. நாலு மாதமாக இருந்த வயிற்றுவலி அந்த நிமிஷத்தில் பட்டென்று நின்றதை அவர் கவனிக்கவும் செய்தார். இடுக்கியால் தோலை எடுத்து, காலிப் பேரீச்சம்பழப் பெட்டியில் போட்டு, கிழிந்த நூலைக் குச்சியால் இழுத்து மூடினார். மூலையில் தண்ணீர் விட்டார். பெட்டியைச் சட்டைக்குள் வைத்து, காப்பகத்துக்குப் பின்னால் ஊழியர்கள் தங்குகிற ரூமுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஒன்பது மணிக்கு லிண்டா வந்து, "அண்ணே, ஏதாவது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

தினமும் அவள் கேட்டாள். தினமும் அவர் அதையே சொன்னார். முதல் வாரம் சொல்லும்போது நாக்கில் ஒரு தித்திப்பு இருந்தது. பிறகு அதுவும் தண்ணீர் விடுவதுபோல் ஒரு வேலை ஆகிவிட்டது. நோன்புக் காலம் என்பதால் ஆறு மணி நேர டூட்டி. லிண்டா மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். காகிதத்தைத் தொடக்கூடாது என்று விதித்தவளே அவள்தான், அதனால் அவளும் தொடவில்லை. ஒருவர் சொன்ன சொல்லை இவ்வளவு நம்புகிறாளே என்று அவருக்கு எரிச்சல் வந்தது. நம்பாமல் ஒருதடவை எட்டிப்பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

விஷயம் முதலில் தெரிந்தது ரூம்மேட் வீரபாண்டிக்கு. மதுரைப் பக்கத்து ஆள், காப்பகத்தில் ஏசி மெக்கானிக். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடியவர் பேரீச்சம்பழம் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். அடுத்த நொடி ஆள் கட்டில்மேல் நின்றார்.

"ஆத்தாடி, உசுரோட கொண்டாந்து ரூம்ல வச்சிருக்கீகளேண்ணே."

"எறங்கும் வேய். அது தோலு."

தோல் என்றால் இங்கே ஏன் என்று வீரபாண்டி கேட்டார். இஸ்ரவேல் முதலில் மழுப்பினார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். சொன்னபோது தன் சாமர்த்தியத்தைச் சொல்வதாகத்தான் நினைத்து ஆரம்பித்தார். கேட்கிறவரின் முகம் போகிற போக்கைப் பார்த்து நடுவிலேயே குரல் இறங்கியது.

"அந்தப் பிள்ளை முட்டாளாகும், சரி" என்றார் வீரபாண்டி, கட்டிலை விட்டு இறங்காமலே. "கடைக்குட்டிக்கு எம்புட்டு நாள்ணே இருக்கு?"

இஸ்ரவேல் பெட்டியை எடுத்து மூடினார். மூன்று வாரத்தில் பெரியவளின் புதுத்தோல் இறுகிவிடும். அதன்பிறகு எந்த நாளும் திரும்ப ஜோடி சேர்க்கலாம். அந்த மூன்று வாரம் நேற்றோடு முடிந்திருந்தது. கடைக்குட்டி அக்டோபரில் ஆளானவன். இந்தக் கணக்கு அவருக்கு முன்பே தெரியும். யாரும் சத்தமாகக் கேட்காதவரை அதை ஒரு ஓரமாக வைத்திருந்தார்.

"இன்னைக்கே சொல்லிருங்கண்ணே" என்றார் வீரபாண்டி.

"சொல்லுகேன்" என்றார் இஸ்ரவேல்.

அன்று சாயங்காலம் கோயிலில் தமிழில் சிலுவைப்பாதை ஜெபம். முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். "பொறாமைப்பட்டேன் சாமி" என்றார். யார்மேல் என்று சாமியார் கேட்டார். கூட வேலை செய்கிற பிள்ளைமேல் என்றார். வளைகுடாவில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்கு இது தினமும் பத்துப்பேர் சொல்கிற பாவம். அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள், மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். இஸ்ரவேல் பாவத்தின் பெயரைச் சொன்னாரே தவிர, செய்ததைச் சொல்லவில்லை. மூன்று மரியே சொல்லி முடித்தபோது மனசு லேசாக இருந்ததுதான் வினை. லேசான மனசு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும்.

அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவர்கள் பெரிய வியாழனுக்கு முன்னால் போய்ப் பேசிவிடுவார்கள். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, நன்மை அப்பம் வாங்க மனசில் பகை இருக்கக்கூடாதே. அவரும் அண்ணனும் அப்படித்தான். எஞ்சினுக்காகச் சண்டை, வலைக்காகச் சண்டை, எல்லாம் பரிசுத்த வாரத்தில் ஒரு தடவை தீரும். உயிர்ப்புக்குப் பிறகு புதிதாக ஆரம்பிக்கும். அங்கே யாரும் பங்குனியில் செய்த தப்புக்குப் பங்குனியிலேயே போய் நிற்பதில்லை. அதற்கென்று ஒரு வாரம் இருக்கிறது. இஸ்ரவேலும் தனக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டார். பரிசுத்த வாரம், புதன்கிழமை. முழுப் பாவசங்கீர்த்தனம் செய்வது. அன்றே லிண்டாவிடம் தோலைக் கொடுத்துவிடுவது. ஏப்ரல் ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கும் முன்னால். யாரும் முட்டாளாகவும் வேண்டாம். நாள் குறித்ததும் ஏற்கெனவே சொல்லி முடித்ததுபோல் அவருக்கு ஒரு திருப்தி வந்துவிட்டது.

நடுநடுவே ஆடிப்போனார். பெருநாளுக்கு லிண்டா எல்லோருக்கும் சேமியா கொண்டுவந்தாள். "அண்ணே, பெரியவ பிள்ளைங்க வெளிய வந்தா மொத பத்த நீங்கதான் வளக்கணும். மேடத்துட்ட சொல்லிட்டேன்" என்றாள். கிண்ணம் கையில் இருக்க, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதே நேரம் மேடம் உள்ளே வந்து, லிண்டாவைத் தோளோடு அணைத்து, காப்பகத்தின் பெருமை இவள் என்று நாலு பேர் முன்னால் அரபியில் சொன்னார். அந்த அரபி இஸ்ரவேலுக்கு நன்றாகப் புரிந்தது. பதினான்கு வருஷத்தில் மேடம் அவர் தோளைத் தொட்டதில்லை. தொடமாட்டார், அது முறையும் இல்லை. அது தெரிந்தும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேமியாவை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு வெளியே போனார். புதன்கிழமை ஆகட்டும் என்றார் தனக்குள்.

குருத்து ஞாயிறன்று அவர் கடைக்குட்டிக்கு ஒரு சிறு புழுவை நசுக்கி வாயருகே வைத்தார். அவன் தொடவில்லை. பின்கால் ஒன்றை இழுத்து நடந்தான். வயசாகிறது, இன்னும் மூன்று நாள் தாங்குவான் என்று சொல்லிக்கொண்டார். போன ஆண்டு இறந்த ஆண் இப்படி இழுத்துக்கொண்டே இரண்டு வாரம் இருந்தது. அந்த நம்பிக்கையில் குருத்தோலையைக் கட்டிலுக்குத் தலைமாட்டில் செருகிவிட்டுத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்தார். கடைக்குட்டி தண்ணீர் வைக்கும் மூடிக்குப் பக்கத்தில் குனிந்து கிடந்தான். எட்டுக் கால்களும் உள்ளே மடங்கியிருந்தன. இஸ்ரவேல் கண்ணாடியைத் திறந்து இடுக்கியின் நுனியால் தொட்டார். பிறகு இடுக்கியை வைத்துவிட்டு விரலால் தொட்டார். நாலு வருஷத்தில் அவர் அவனை விரலால் தொட்டது அதுதான் முதல்முறை. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் வேறு எந்தப் பெட்டிக்கும் தண்ணீர் விடவில்லை.

ஒன்பது மணிக்கு வந்த லிண்டா ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டாள். பையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க வளத்த பிள்ளைலா அண்ணே" என்றாள். "நகம் அளவுலேருந்து."

அவர் தலையை ஆட்டினார்.

"வருத்தப்படாதீங்க. அவன் ஜோலிய முடிச்சிட்டுத்தான் போயிருக்கான். அவனுக்க பிள்ளைங்க அந்த டேங்க்ல இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான். அதுங்கள்ல ஒண்ணுக்குக் கடைக்குட்டின்னே பேரு வைப்போம்."

இஸ்ரவேலால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து ரூமுக்குப் போனார். பெட்டியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். பேரீச்சம்பழம் கொடுக்கிறார் என்று நினைத்து லிண்டா லேசாகச் சிரித்துக்கொண்டே திறந்தாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தோலை வெளிச்சத்தில் பிடித்தாள். காலை அளந்தாள். வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி, உள்ளே உரிந்து ஒட்டியிருந்த பையை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். எழுந்துபோய்க் கறுப்புக் காகிதத்தை ஓரம் கிழித்து டார்ச் அடித்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"சாம்பல் புதனுக்கு மறுநாளு."

"நான் தினமும் கேட்டேன்லா?"

"கேட்ட."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "மூணு வாரம் அவளுக்குத் தோல் இறுக. அதுக்குப் பெறவு பதினெட்டு நாள் இருந்திருக்கு." விரலைப் பிரித்தாள். "அந்தப் பதினெட்டு நாள்ல எத்தனையோ தடவ அவன் இவ டேங்க் பக்கமாத் திரும்பி நின்னு கால் தட்டினான் அண்ணே. வேலைதான் முடிஞ்சிதே, இன்னும் எதுக்குத் தட்டுதான்னு சிரிச்சிட்டு வீடியோ எடுத்தேன்."

போனை எடுத்து அதைப் போட்டும் காட்டினாள். சத்தம் வராது. நீலக்கால் ஒன்று மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்தது.

ஏன் செய்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்தது. முழங்கை, தெர்மோகோல், செருப்பு என்று பெரிய பட்டியலே வைத்திருந்தார். கேட்காததால் எல்லாம் அவரிடமே நின்றுவிட்டது.

வெளியே நஜீஹா மேடத்தின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "நான் போய்ச் சொல்லுகேன்" என்றார் இஸ்ரவேல். "நான் செஞ்சத நானே சொல்லுகேன்."

லிண்டா தலையசைத்தாள். கடைக்குட்டியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தன்மேல் எந்தத் தப்பும் இல்லாத ஒருத்தி, இறந்துபோன ஒரு உயிருக்காக மட்டும் அழுகிற அழுகை அது. கதவில் கை வைத்தபடி நின்று பார்த்த இஸ்ரவேலுக்கு அதைக் கண்டும் பொறாமையாக இருந்தது.